ஒரே உயரத்துப் புத்தகங்கள்

பாடப்புத்தகம் தவிர கதையும் கவிதையும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பள்ளிக் கமிட்டியில் ஒரு வருடம் சண்டை போட்டேன். இன்று பீரோ நிறையப் புத்தகம் வந்துவிட்டது. கொடுத்தவர் கமிட்டிச் செயலாளர். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார்.

எல்லாப் புத்தகமும் ஒரே உயரம்.

“ஏத்த எறக்கமா இருந்துச்சு டீச்சரம்மா. நம்ம கட்டிங் மிஷின்ல விட்டு ஒண்ணுபோல வெட்டிட்டேன். எம்புட்டு லட்சணமா இருக்கு பாருங்க.”

பிரித்துப் பார்த்தேன். பெரிய புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் கடைசி இரண்டு வரி இல்லை.

“அண்ணாச்சி, கதையையும் சேத்து வெட்டியிருக்கீகளே.”

“பிள்ளைக தானா யோசிக்கணும்னு கமிட்டியில நீங்கதான சொன்னீக. யோசிக்கட்டும்.”

நாளை மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு துப்பறியும் கதை வாசிக்கிறேன். திருடன் பெயர் கட்டிங் மிஷினுக்கு அடியில் கிடக்கிறது. கதை தெரிந்தவர்கள் காலை மணி அடிப்பதற்குள் சொல்லி அனுப்புங்கள்.