பண்டார் தெங்காராவில் ரீத்தா அக்காவின் அபிஷேகம்

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தம்போயிலிருந்து கிளம்பினோம். பண்டார் தெங்காரா ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கார் ஓட்டியவர் அந்தோணி அங்கிள், பக்கத்தில் அவர் மனைவி சிசிலியா ஆன்ட்டி. பின்னால் நானும் இரண்டு தட்டுக் கேசரியும். இவர்கள் மகள் ரீத்தா அக்கா, தெப்ராவ் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். கல்யாணத்துக்குப் பின் கணவரின் பிராட்டஸ்டன்ட் சபையில் சேர்ந்து, வேலையை விட்டு இறையியல் படித்தார். இன்று அவருக்குப் போதகர் அபிஷேகம்.

தூத்துக்குடியிலிருந்து இங்கே மலேசியாவுக்கு வேலைக்கு வந்தவள் நான். அங்கிள் வீட்டாரைப் போல நானும் கத்தோலிக்கர். பெண் போதகரைப் பார்க்கப்போவது இதுவே முதல் முறை.

சிக்கல் அங்கிளுக்குத்தான். எஸ்டேட் தோட்டத்துச் சிற்றாலயத்தில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்தவர். ஃபாதர் வர முடியாத ஞாயிறுகளில் செபம் நடத்தியவர். போன வாரம் அக்கா போனில் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "அப்பா வருவாரா? வந்தா மூஞ்சத் தூக்கி வச்சிக்காம இருப்பாரா?"

வழியில் குலாய் ஊரில் பசியாறினோம். ரொட்டி சானாய் ஒரு ரிங்கிட் எண்பது, இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு ரிங்கிட் இருபது.

"நேத்து சாயங்காலமே பூசை பார்த்தாச்சி. ஞாயித்துக்கிழமை கடமை முடிஞ்சிருச்சி," என்றார் அங்கிள். "இன்னிக்கு மகளுக்காக வரேன். அங்க நற்கருணை அப்பம் வாங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"யாரு உங்கள வாங்கச் சொன்னா?" என்றார் ஆன்ட்டி.

"ஆண்டவர் அப்போஸ்தலர்களுக்குக் கொடுத்தாரு. அவங்க ஆயர்களுக்குக் கொடுத்தாங்க. அப்படியே கை வச்சு கை வச்சு வந்தது லா, குருப்பட்டம். பன்னெண்டு பேரும் ஆம்பளைங்க."

"அந்தப் பன்னெண்டு ஆம்பளையும் பயந்து கதவச் சாத்திக்கிட்டு இருந்தப்ப, கல்லறைக்குப் போனது பொம்பளைங்க."

"பதினோரு பேரு. யூதாஸ் இல்ல."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். "சண்டையிலயும் பிழை திருத்துறாரு பாரு!"

குலாய் தாண்டியதும் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான். ஒன்பது மணிக்குள் சேர்ந்துவிட்டோம். கோயில் ஒரு கடைவீட்டு மாடியில். கீழே டயர் கடை. நான் கண்ணால் கணக்கெடுத்தேன்: சிலுவை உண்டு, அதில் இயேசுவின் உருவம் இல்லை. மாதா சுரூபம் இல்லை. பீடம் இருக்க வேண்டிய இடத்தில் எளிய மேசை. பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. அங்கிள் கடைசி வரிசையைத் தேர்ந்தெடுத்தார்.

மூத்த போதகர்கள் அக்காவின் தலையில் கை வைத்து செபித்தார்கள். பிறகு சபையைக் கேட்டார்கள்: "இவரை உங்கள் போதகராக ஏற்கிறீர்களா?" எல்லோரும் எழுந்து, "ஏற்கிறோம்!" என்றார்கள். மாடியே அதிர்ந்தது. அங்கிளும் எழுந்தார், வாய் திறக்கவில்லை. முன்னால் நின்ற அக்காவின் கண் அவரையே தேடியது.

வெள்ளை அங்கியோடு அக்கா பிரசங்கம் செய்தார். "இந்த அங்கி எனக்கு வேலையத்தான் கொடுக்குது, உசத்தியக் கொடுக்கல. ஆண்டவருக்கு முன்னால விசுவாசிங்க எல்லாருமே குருமார்தான்." திருவிருந்து, அதாவது அவர்களுடைய நற்கருணை, கொடுத்தபோது நாங்கள் மூவரும் இருக்கையிலேயே இருந்தோம். யாரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே போகும்போது, வாசலில் நிற்கும் போதகரிடம் கைகுலுக்குவது இங்கே வழக்கம். வரிசையின் கடைசியில் அங்கிள். அக்கா வலது கையை நீட்டினார். அங்கிள் அதைக் குலுக்கவில்லை. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து, விரித்து, குனிந்து இரு உள்ளங்கைகளிலும் முத்தமிட்டார். புதிதாகப் பட்டம் பெற்ற குருவுக்குக் கத்தோலிக்கர் நாங்கள் செய்வது அது. எண்ணெய் பூசப்பட்ட கைகளுக்கான மரியாதை. இங்கே யாரும் எண்ணெய் பூசவில்லை. நிமிர்ந்த பிறகுதான் அங்கிளுக்கே உறைத்தது.

"அலமாக்!" என்று மலாயில் வியந்தார் ஆன்ட்டி.

சபையார் புரியாமல் விழித்தார்கள். அக்கா மட்டும் விழிக்கவில்லை. அப்பாவின் கைகளைத் திருப்பி, அவற்றின் உள்ளங்கைகளில் முத்தமிட்டார். "நான்தான் சொன்னேனே அப்பா, எல்லாரும் குருமார்தான்."

அங்கிள் சிரித்துக்கொண்டே அழுதார். கேசரி பத்து நிமிடத்தில் காலி.

எங்கள் தூத்துக்குடித் தெருவில் கத்தோலிக்கக் கோயிலுக்கும் பிராட்டஸ்டன்ட் கோயிலுக்கும் நடுவில் ஒரே மதில். கிறிஸ்துமஸ் கேக் அதைத் தாண்டும். ஆட்கள் தாண்டிப் பார்த்ததில்லை. திரும்பும் வழியில் அதைச் சொன்னேன். அங்கிள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அடுத்த வாரம் அவளுக்கு என்ன பைபிள் வாசகமாம்?" என்று ஆன்ட்டியைக் கேட்டார்.

"எதுக்கு? நீங்கதான் ஏத்துக்கலையே."

"அது வேற. இன்னிக்குப் பிரசங்கம் ரொம்ப நீளம் லா. போன் போடு, நடுவுல எங்க வெட்டணும்னு சொல்றேன்."