மித்சுவின் பங்கு

கினுவே என் சோயா டோஃபு கடைக்கு அடுத்த வீட்டுக்காரி. எங்கள் மீன்பிடி ஊரில் அவளைப் போலப் பொறுமைசாலி கிடையாது. எவ்வளவு சிக்கலான வலையையும் முகம் சுளிக்காமல் பிரித்துவிடுவாள். ஆனால் கைக்குழந்தை கெய்ஜிக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவாள்.

"ஆ காட்டுடா! காட்டப் போறியா இல்லையா?"

தாடையை அழுத்திப் பிடித்துக் கரண்டியைத் திணிப்பாள். பிள்ளை துப்புவான். துப்பியதை வழித்து மறுபடியும் திணிப்பாள். அவனோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனான்.

மூத்தவள் மித்சு முந்தைய பனிக்காலத்தில் சாப்பிடாமலே மெலிந்து செத்துப்போனாள். "பெத்தவளுக்கு ஊட்டத் தெரியல" என்று சாவு வீட்டிலேயே மாமியார் சொன்னாள். பாவி மனுஷி, ஊரே கேட்கச் சொன்னாள்.

என்னைப் பயமுறுத்தியது வேறு. வாயை இறுக்கும்போதெல்லாம் கெய்ஜி அம்மாவைப் பார்க்கமாட்டான். அவள் தோளுக்குப் பின்னால், மித்சுவின் படம் இருந்த மாடத்தைப் பார்ப்பான். பார்த்துச் சிரிப்பான். ஒரு நாள் காலையில் நானும் திரும்பிப் பார்த்தேன். படையல் கிண்ணம் காலியாகக் கிடந்தது. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் முதல் சோறு செத்தவர்களுக்குத்தானே?

"மித்சுவுக்கு வைக்கலையாடி?"

"வைக்கமாட்டேன்க்கா. சோறு வச்சா வருவா. வந்தா தம்பியையும் கூட்டிட்டுப் போயிடுவா. அதான் அவ பங்கையும் இவனுக்கே ஊட்டுறேன். வயித்துல கனம் இருந்தா தூக்கிட்டுப் போக முடியாதுல்ல?"

கரண்டியைப் பிடுங்கினேன். "அடிப்பாவி! செத்த பிள்ளையோட சோத்தை இவன் வாயில திணிச்சா எப்படிடி இறங்கும்? போய் அவளுக்கு வை!"

கினுவே எழுந்தாள். கஞ்சியில் கொஞ்சம் படையல் கிண்ணத்தில் எடுத்து மாடத்தில் வைத்தாள்.

"மித்சு, இந்தாம்மா. வேணும்னா சாப்பிடு. வேணாம்னா விட்டுடு. அம்மா திட்டமாட்டேன்."

மகள் உயிரோடிருந்தபோது ஒருநாளும் அவள் இப்படிச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் உடைந்து அழுதாள்.

கெய்ஜி மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே யாரோ 'ஆ' காட்டியதுபோல அவன் வாய் தானாகத் திறந்தது. கினுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து கரண்டியை வாங்கி ஊட்டினாள். விழுங்கினான். மறுபடியும் திறந்தான். நாலைந்து வாய்க்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டான். அவளும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

படையலை இறக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். கிண்ணத்தின் ஓரத்தில் கஞ்சி கொஞ்சம் குறைந்திருந்தது. கினுவே எட்டிப் பார்த்தாள். பயப்படவே இல்லை.

"ஒரு வாய்தான்க்கா சாப்பிட்டிருக்கா. போதும், விடுங்க. அவளுக்கு எப்பவும் அவ்வளவுதான் பசி."