ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம்

லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்பதால் அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே அழைத்தார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லிஃப்டுக்கு அடுத்தபடியாக அவர் கை பழகிய இயந்திரம், படுக்கையறை மூலையில் இருந்த பழைய சிந்தசைசர் கீபோர்டு.

அதற்குள் வயலின், புல்லாங்குழல், பேஸ் கிட்டார், தாளம் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வாசிக்கும். கம்ப்யூட்டரில் அவர் எழுதி வைத்த பாட்டை எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து அனுப்பினால், தாளத்தைக்கூட வயலினிலேயே கீச்சிட்டுத் தலைவலி உண்டாக்கும். ஆகவே மற்றவற்றின் வாயை அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் திறந்து, முழுப் பாட்டையும் ஓடவிட்டுப் பதிவு செய்வார். பிறகு அதை மூடி, அடுத்ததைத் திறப்பார். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நாலு தட்டு வைப்பார். அந்தத் தட்டுகளைப் பொருத்திவிட்டால் எல்லாம் ஒரே குழு வாசித்தது போலச் சேர்ந்துவிடும்.

"பாட்டா இது? ரேஷன் வரிசை மாதிரி ஒவ்வொருத்தரா வர்றாங்க," என்பாள் மனைவி.

மெல்லிசைக் குழுவில் அவர் வாசிக்க, அவள் பாடியவள். அவளுக்காக அவர் மெட்டமைத்த பாட்டு ஒன்று பதிவாகாமலே கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். அதற்குள் அவள் குரல் கரகரத்தது. தொண்டைக்குள் ஒரு கட்டி, வெட்டியாக வேண்டும் என்றார் டாக்டர். "குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்பதை மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதுவரை பாடவே கூடாது. கடைசியாக ஒரு பாட்டு என்று அவள் கெஞ்சியதற்கு, ஓரிரு முறை மட்டும் என்று அரைமனதாகத் தலையாட்டினார்.

அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் லிஃப்ட்காரர் ஒவ்வொரு வாத்தியமாகப் பதிவு செய்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடச் சேர்ந்து முணுமுணுக்கக்கூட இல்லை. இருப்பதைச் சேமித்து வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலையில் மைக் முன்னால் நின்றாள். அவள் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் காத்திருந்தான். பல்லவி சரியாக வந்தது. சரணத்தில் மேலே ஏறும் வரியில், பழைய துணி கிழிவது போலக் குரல் கிழிந்தது.

பாட்டு அவளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தினார்.

"போயிடுச்சுங்க," என்று தொண்டையைத் தொட்டாள். "வெட்டுறதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை. சிந்தசைசரைப் பார்த்தார். அதன் ஓரத்தில் தம் கையால் ஒட்டிய கறுப்பு டேப். விளக்கு கண்ணைக் கூசுகிறது, தூக்கம் வரவில்லை என்று அவள் சொன்னதால் எப்போதோ ஒட்டியது. நகத்தால் அதைப் பிரித்தார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. சுருதி கூட்டும் பொத்தானின் விளக்கு. போன மாதம் மேடையில் வேறொருத்திக்காகக் கூட்டியதை அவர் திரும்ப இறக்கவே இல்லை.

"உன் தொண்டை இல்லம்மா. நான்தான். எல்லாமே ரெண்டு கட்டை மேல."

அவள் வெறித்துப் பார்த்தாள். "ஏங்க, ஊர்ல இருக்கிறவங்களைத்தான் லிஃப்ட்ல நடுவுல மாட்டி வைப்பீங்க. என்னை மொட்டை மாடிக்கே ஏத்தி விட்டுட்டீங்களா?" சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்க நேரமானது. கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

"அத்தான், டாக்டர் கிளம்பிடப் போறாரு," என்றான் தம்பி.

"உங்க அக்கா பாடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓடவிட நேரம் இருக்குமாடா?"

"ஒண்ணுக்கு மேல முடியாது. அதுக்கே டாக்சி டிரைவர் ஹாரன் அடிப்பான்."

தாளத்துக்குச் சுருதி இல்லாததால் அது ஒன்று தப்பியிருந்தது. மற்றவற்றில் ஒன்றை மட்டும் திரும்ப வாசிக்கலாம். எதை என்பது போல மனைவியைப் பார்த்தார்.

"பேஸ் போதும். நிக்கத் தரை வேணும்ல?"

சுருதியை இறக்கிவிட்டு பேஸைப் பதிவு செய்தார். அது முடிந்ததும் அவள் பாடினாள். மேல் வரி வந்தபோது தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான். குரல் நடுங்கியது, ஆனால் ஏறியது. கடைசிச் சொல் மட்டும் காற்றாகவே வந்தது. இன்னொரு முறை என்று அவள் விரலைக் காட்டுவதற்குள் வெளியே ஹாரன் கேட்டது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தும் அவள் பேசவில்லை. பேசிப் பார்க்கும் நாளை டாக்டர் இன்னும் சொல்லவில்லை. போனில் கேட்டபோது, பார்க்கலாம் என்றார்.

லிஃப்ட்காரர் மிச்ச வாத்தியங்களுக்கு உட்கார்ந்தார். அடுத்தது வயலின். பாட்டை ஓடவிட்டு, வழக்கப்படி மற்றவற்றை ஒவ்வொன்றாக மூடினார். தாளத்தை மூடினார், பேஸை மூடினார். அவள் குரலை மூடும் பொத்தானுக்கு வந்ததும் விரல் அப்படியே நின்றது. குரல் ஓடிக்கொண்டிருந்தது, தனியாக, மேல் வரியை நோக்கி.

பின்னாலிருந்து அவள் கை நீண்டது. அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

அறை அடங்கியது. பிறகு வயலினுக்கான நாலு தட்டு தொடங்கியது.