போனில் பேசிய அம்மா

விருது வாங்கப்போகிற நாளிலாவது யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்று எதிர்பார்ப்பது பேராசை இல்லை. மாணவர்களுக்குச் சிறப்பாக வழிகாட்டும் பேராசிரியர் என்று எங்கள் கல்லூரி எனக்கு ஒரு விருது அறிவித்திருந்தது. மாலையில் விழா. பட்டுப்புடவை கசங்கக்கூடாதே என்று ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன். துறை அறையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அந்த மனிதர் உள்ளே வந்தார். பின்னால் என் மூன்றாம் ஆண்டு மாணவி, அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

“வையம்பட்டியிலேர்ந்து வர்றேங்க. இவளோட அப்பா. நல்ல எடம் வந்திருக்கு. படிச்சது போதும், டிசி வாங்கிட்டுப் போயிடலாம்னு வந்தேன். உங்க கையெழுத்து வேணுமாம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முதல் வருடமே அரியர் அரியராக வைத்து, ஊருக்கே போய்விடுகிறேன் என்று அழுத பெண் அவள். பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு பாடமாகத் தேற்றி எடுத்திருந்தேன். இன்னும் ஒரே செமஸ்டர்தான் பாக்கி.

“இவங்க அம்மா இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா? அவங்க என்கிட்ட அடிக்கடி பேசுறாங்களே. எப்பாடு பட்டாவது படிக்க வைக்கிறோம்னுல்ல சொன்னாங்க?” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க வீட்டுல இருக்கறது ஒரே போன். அது என் சட்டைப் பையில இருக்கு. அவங்க அம்மா உங்ககிட்ட எப்படிப் பேசுவா?”

அம்மாவின் எண் என்று சேர்க்கையின்போது எனக்கு ஒன்றைக் கொடுத்தது இவள்தான். அதில் பேசிய அம்மாவைப் பற்றி எத்தனை பெற்றோரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ‘ஒவ்வொரு மாணவியின் குடும்பத்தையும் அறிந்தவர்’ என்று மாலையில் மேடையில் வேறு வாசிக்கப்போகிறார்கள்.

“அந்த நம்பருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார்.

“வேணாம் மேடம்” என்றாள் அவள், குரலே எழும்பாமல்.

வாசலில் ஒரு சக ஆசிரியை எட்டிப் பார்த்து, “ஒத்திகைக்கு ஹாலுக்குக் கூப்பிடுறாங்க” என்றார். அப்புறம் வருகிறேன் என்று எரிந்து விழுந்தேன். விடுதித் தோழி எவளாவது அம்மாவாக நடித்திருந்தால், பெண்ணை இப்போதே இழுத்துக்கொண்டு போய்விடுவார். போடமாட்டேன் என்றாலோ, எவனோ ஒருவனை மறைக்கிறேன் என்று நினைப்பார். அது இன்னும் மோசம். வேறு வழியில்லாமல் அழைத்தேன்.

“சொல்லுங்க மேடம். பாப்பா நல்லா இருக்காளா?” அதே குரல்.

“கல்யாணம் பேசுறீங்களாமே?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஆமாங்க மேடம், பாப்பா சொல்லுச்சு. அவங்க அப்பா அங்க வந்தாருன்னா நீங்கதான் எடுத்துச் சொல்லணும். கோபக்காரருதான். ஆனா கல்நெஞ்சு கிடையாது. எங்க வீட்டுல என் படிப்ப நிறுத்தினப்ப, எனக்காகச் சோறு திங்காம அழுதது அவரு ஒருத்தருதான்.”

மனைவி பள்ளிக்கூடம் போன வயதில் எந்தக் கணவன் அவள் வீட்டில் சோறு திங்காமல் அழுவான் என்று நான் குழம்புவதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க அக்கா” என்றார் என்னிடம், மெதுவாக. “லால்குடியில இருக்கு. சொத்துத் தகராறு. பேசி வருசக்கணக்காச்சு.”

பிறகு போனின் பக்கம் குனிந்து, “நான்தான் பேசுறேன்” என்றார்.

லைன் கட்டாகவில்லை.

“பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் பொறுக்க முடியலேன்னா அந்த எடம் நமக்கு வேணாம்” என்றார் அவர். அந்தப் பக்கம் விசும்பும் சத்தம் கேட்டது. அதோடு போன் வைக்கப்பட்டுவிட்டது. மாணவி சுவரோடு சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், பட்டுப்புடவை முந்தானையில்.

அவர் எழுந்தார். “என் நம்பரை எழுதிக்குங்க மேடம். இனிமே எனக்கே போன் பண்ணுங்க.”

அவர் சொல்லச் சொல்லப் போனில் பதிந்துகொண்டேன். ஒரு தடவை ஏமாந்தது போதும் என்று, அவர் எதிரிலேயே அந்த எண்ணுக்கு அழைத்தும் பார்த்தேன்.

அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது.