காட்டூர் முகவரி

நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து பம்புகளுக்கான உதிரி பாகங்கள் செய்யத் தொடங்கியபோது, எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம் காட்டூரில் அவள் அப்பாவின் கார் ஷெட். அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எடுத்துக்கங்கம்மா, கார் வெளியில நிக்கட்டும்" என்றார். கம்பெனியையும் அந்த முகவரியிலேயே பதிவு செய்தோம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வந்தேன்.

ஆர்டர் தர முன்வந்த ஒரு ஜெர்மன் நிறுவனம் எங்களிடம் எல்.இ.ஐ. எண் கேட்டது. ஒரே மாதிரி பெயருள்ள கம்பெனிகள் ஆயிரம் இருக்கலாம். எது எது என்று குழம்பாமலிருக்க, உலகம் முழுக்கச் செல்லுபடியாகும்படி ஒவ்வொன்றுக்கும் தரும் இருபது எழுத்து அடையாளம் அது. விண்ணப்பித்து வாங்கினோம். பொதுப் பட்டியலில் எங்கள் பெயரைத் தேடி, தோழி தன் அப்பாவிடம் போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதவு எண், தெரு, காட்டூர் என்று வாய்விட்டுப் படித்தார்.

"இதை யாரு தேடினாலும் வருமா?"

"வரும்ப்பா."

"துபாய்லேருந்து தேடினா?"

"எங்கேருந்து தேடினாலும் வரும்."

உடனே துபாயிலிருந்த தன் தம்பிக்குப் போன் போட்டுத் தேட வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கம்பெனியைப் பார்த்துவிட்டார்கள்.

தொழில் வளர்ந்தது. திருவெறும்பூரில் பெரிய இடம் பிடித்தோம். எல்.இ.ஐ.யை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த முறை எல்லா முகவரியையும் மாற்றிவிடலாம் என்றாள் தோழி. "மாத்துங்க, நான் என்ன சொல்லப்போறேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா எழுந்துபோய்ச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் அதற்கு ஊற்றியிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆடிட்டரிடம் கேட்டேன். "அதுல ரெண்டு முகவரி இருக்குங்க. பதிவு பண்ணின முகவரி ஒண்ணு, தலைமை அலுவலகம் ஒண்ணு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்லீங்க" என்றார்.

பதிவு முகவரி மட்டும் காட்டூரிலேயே இருக்கட்டும் என்று தோழியிடம் சொன்னேன். "சென்டிமென்ட் பார்த்துக் கம்பெனி நடத்த முடியுமாடி? காட்டூருக்கு வர்ற தபாலை யாரு எடுத்துட்டு வர்றது?" என்று சீறினாள்.

"உன் அப்பாதான்."

புதுப்பிப்புப் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "சரி, நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா அழுதுடுவேன்."

அன்று மாலையே போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அப்ப பதிவு இங்க, வேலை அங்க. அப்படித்தானேம்மா?"

"ஆமாம் அங்கிள். சட்டப்படி பேர்ப் பலகையும் இங்க இருக்கணும்."

"அது என் பொறுப்பு" என்றார்.

மறுவாரமே பலகை ஏறிவிட்டது. எழுத்துகள் எங்கள் புது வாசலில் இருப்பதைவிடப் பெரியவை. இப்போதெல்லாம் தபால் ஏதாவது வந்தால், இஸ்திரி போட்ட சட்டையில் திருவெறும்பூருக்குக் கிளம்பி வந்துவிடுகிறார். கொடுத்துவிட்டு உடனே போவதில்லை. மெஷின்களை ஒரு சுற்றுப் பார்த்து, எங்களோடு சாப்பிட்டு, டீயைக் குறை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். தபாலே வராத வாரங்களில், "ஏதாச்சும் வரவேண்டியது இருக்காம்மா?" என்று எனக்குப் போன் வரும். "தெரியல அங்கிள், எதுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பேன்.