பொன்னுசாமியின் பெயருக்காக அலைந்தவர்

மாரப்பண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது ஆர்.எஸ்.புரத்தில் கண் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். நான் அழுதது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அவரை ஹவில்தாராக அறிந்தவர்கள் இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலர். எல்லைச் சண்டையில் அவரோடு நின்றவர் என் வீட்டுக்காரர் பொன்னுசாமி. திரும்பி வந்தபின், மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் குவாரியில் மதியம் வெடி வைத்தால் போதும், இவர் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாரப்பண்ணன் தினமும் வெடிக்கு முன்பே சைக்கிளில் வந்து, தாமும் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வார். "வெளிய இழுக்காதீங்க அம்மணி. அவன் இன்னும் அங்கதான் இருக்கறான்" என்பார். மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

பிறகு ஊரில் போர் நினைவுத்தூண் எழுப்பினார்கள். கமிட்டித் தலைவரான மில் முதலாளி கும்பிட்டபடியே சொன்னார்: "தானா உசுர மாய்ச்சுக்கிட்டவங்க பேரெல்லாம் கல்லுல ஏத்த முடியாதுங்க." எவ்வளவு மரியாதை, பாருங்கள்! திறப்பு விழாவில் மாரப்பண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை மடித்து முதலாளி மடியில் வைத்துவிட்டு, "பொன்னுசாமியக் கொன்னதும் சண்டைதானுங்க. கொஞ்ச நாள் கழிச்சுச் செத்தான், அவ்வளவுதான்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இறங்கினார். அதன்பின் அந்தப் பெயருக்காக ஒவ்வொரு வருஷமும் கமிட்டிக்கு மனு கொடுத்தார். படுக்கையில் விழுந்த பிறகும் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். கடைசியாகப் பார்த்தபோது என்னிடம் கேட்டது இதுதான்: "அந்தாளு மாலை எம்மேல விழக்கூடாது. நீங்க வாசல்ல நில்லுங்க அம்மணி."

எங்கள் பக்கம் எவ்வளவு பகையானாலும் எழவுக்கு வந்தவரைத் தடுக்க மாட்டோம். நான் தடுத்தேன். மாரப்பண்ணனின் மனைவியும் தலையாட்டி எனக்கு இடம் விட்டார். மலர்வளையத்தோடு வந்த முதலாளி ஊர் பார்க்க வாசலில் நின்றார். முகம் செத்துப்போய், குரலை இறக்கி, "பேரப் போட்டறலாங்க அம்மணி, வழி விடுங்க" என்றார்.

ஒரு வாய்ச்சொல்லில் முடிகிற காரியம்! இதற்கா அந்த மனுஷரை இத்தனை வருஷம் அலையவிட்டார்கள்?

"போட்டுட்டு வாங்க" என்றேன். வளையத்தோடு திரும்பிப் போனார்.

மாரப்பண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபம் மட்டும்தான். பெயர் கல்லில் ஏறட்டும். ஏறிய பிறகும் அந்த ஆளை மன்னிக்க மாட்டேன். என் பிள்ளைகளிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.