இரைச்சல் இல்லாத போன்

அப்பாவுக்கு நான் வாங்கித் தந்த புதுப் போன், சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டிப் பேச்சை மட்டும் அனுப்புமாம். ஒடிசாவில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பக்கத்திலிருந்து நேற்று அதில் கூப்பிட்டார். திருச்செங்கோட்டு வீட்டில் ஸ்பீக்கரில் கேட்ட அம்மாவின் முகம் வாடியது.

"ஏனுங்க, வண்டி ஓடலீங்களா?"

என் சிறுவயதில் அவர் கூப்பிட்டால் வண்டியின் அலறல்தான் முதலில் வரும். அம்மா ரிசீவரைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார்.

"அப்பா என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் புரியல சாமி. ஆனா தண்ணி வந்துருச்சாட்ட இருக்குது."

துளையிலிருந்து புழுதி பறக்கும்போது வண்டிக்கு ஒரு சத்தம், ஈரம் பட்டதும் வேறு சத்தமாம். நான் ரிசீவரைப் பிடுங்கிக் கேட்பேன். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான்.

நேற்று அப்பாவிடம் அந்த வடிகட்டியை அணைக்கச் சொன்னேன். அலறல் திரும்பியது, அப்பா பேசியது ஒன்றும் விளங்கவில்லை. அம்மா சிரித்தார்.

"இப்பத்தானுங்க தெளிவாக் கேக்குது."